நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்களையும் புல்விதைகளையும் அகற்றுதல்: முழுமையான வழிகாட்டி

நடைக்குப் போய்த் திரும்பிய நாயின் உடம்பெல்லாம் நாயுருவி ஒட்டியிருப்பதைக் கண்டதும் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் முதலில் அதைப் பிடித்து இழுக்கிறார்கள். வராவிட்டால் சீப்பைப் போட்டு வாருகிறார்கள். அதற்கும் வராவிட்டால் குளிப்பாட்டிவிட்டால் போய்விடும் என்று வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள். இந்த மூன்றும் அடுத்தடுத்து நடந்து முடியும்போது, 20 நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை 2 மணி நேரத்துக்கு இழுத்து, நாய் மறுநாள் சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் நிலைக்கு வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பஞ்சு என்பவள் அடர்ந்த வெள்ளை ரோமம் கொண்ட ஸ்பிட்ஸ். கருப்பன் குட்டை ரோமம் கொண்ட நாட்டு நாய். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளில் இவற்றோடு நடந்த அனுபவமும், அக்கம்பக்கத்தார் தங்கள் நாய்களைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சிக்கெடுத்தபோது பக்கத்திலிருந்து பார்த்த தவறுகளுமே இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. இதில் உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்திருந்தால்தான் பயன் தரும்.

1. ஒட்டியிருப்பது எது என்று முதலில் பாருங்கள்

எல்லா ஒட்டுமுள்ளும் ஒரே வகையில் ஒட்டுவதில்லை. ஆகவே எடுக்கும் முறையும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, தை மாசியில் காய்ந்து நிற்கும் செடிகளே நம் பக்கத்தில் அதிகத் தொல்லை தருபவை.

நாயுருவியின் காய் அரிசி அளவே இருக்கும். நீண்ட கதிரில் கீழ்நோக்கிப் படிந்திருக்கும் இந்தக் காய்களில் கூர்மையான சிறு செதில்கள் உண்டு. செடியை உரசிச் செல்லும் நாயின் தோளிலும் விலாவிலும் வரிசையாக ஏறிக்கொள்ளும். எண்ணிக்கையில் அதிகம், ஆனால் எடுப்பதற்கு எளிது.

ஒட்டுத்துத்தியின் காய் பட்டாணி அளவில் ஐந்து பகுதிகளாக இருக்கும். இளஞ்சிவப்புப் பூவைக் கொண்டு செடியை அடையாளம் காணலாம். காயின் முட்களுடைய நுனி நங்கூரம் போல விரிந்திருப்பதால் ரோமத்தை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் காய் உடைந்து ஐந்து துண்டுகளும் ஐந்து இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதைக் கசக்கக் கூடாது.

மருளூமத்தையின் காய் சிறு பேரீச்சங்கொட்டை அளவில் கடினமாக, நுனி வளைந்த கொக்கிகளோடு இருக்கும். வாலிலும் காதின் பின்புறத்திலும் இது ஒன்று சிக்கினால் சுற்றியுள்ள ரோமம் முழுவதையும் சுருட்டிக்கொள்ளும். அதிக நேரம் எடுப்பது இதுதான்.

நெருஞ்சி ரோமத்தில் ஒட்டுவதைவிடப் பாதத்தில் குத்துவதே அதிகம். ஊசிப்புல்லின் விதை தனி வகை. அது ரோமத்தோடு நில்லாமல் தோலுக்குள் போகக்கூடியது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மனத்தில் வையுங்கள்: நீண்ட கறுத்த வாலோடு ஊசி போன்ற விதை ஒன்றைக் கண்டாலும், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

2. நடைக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை வாருங்கள்

ஒட்டுமுள் எடுக்கும் வேலையில் பாதி, நடைக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஏற்கெனவே சிக்கு விழுந்த ரோமத்தில் முள் ஒட்டினால் அது சிக்கோடு சேர்ந்து சடையாகிவிடும். வாரிவிட்ட ரோமத்தில் ஒட்டிய முள்ளோ மேலாகவே நிற்கும்.

நீண்ட ரோமமுள்ள நாய்க்கு விரலிடுக்கிலும், பாதத்தின் அடியிலும், வாலுக்குக் கீழும், தொடையின் பின்புறத்திலும் தொங்கும் ரோமத்தை மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை குறைத்துவிடுவது நல்லது. உடம்பு முழுவதையும் மழித்துவிடச் சிலர் சொல்வார்கள். ஸ்பிட்ஸ் போன்ற இரட்டை அடுக்கு ரோமமுள்ள நாய்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலடுக்கு ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மழித்தபின் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதும் இல்லை.

பழைய பருத்திப் பனியன் ஒன்றை முன்கால்களை நுழைத்து நாய்க்கு மாட்டி, வயிற்றுப் பக்கம் முடிச்சிட்டால் மார்பும் வயிறும் தப்பிக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் இல்லாத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

3. எடுத்து வைக்க வேண்டிய பொருட்கள்

நாயைப் பிடித்து உட்காரவைத்த பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோல் தேடினால், திரும்பி வரும்போது நாய் அங்கே இருக்காது. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே நாயைக் கூப்பிடுங்கள்.

பல் இடைவெளி அதிகமுள்ள எஃகுச் சீப்பு ஒன்று, நெருக்கமான பற்கள் கொண்ட பேன்சீப்பு ஒன்று, முள்வாங்கி, சிறிய குறடு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சிறு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், டார்ச் விளக்கு, மூடியுள்ள டப்பா, பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஆகியவை வேண்டும். பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம். மருளூமத்தையில் சிக்கினால் அதன் பல் ஒடிந்து, கூரான ஒடிந்த முனை தோலைக் கீறும்.

விரிப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. உதிரும் விதை பழுப்பு நிறம். கறுப்புத் தரையிலோ பூப்போட்ட பாயிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்து நாய் அதன்மேலேயே படுத்து மறுபடி ஒட்டவைத்துக்கொள்ளும்.

நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டு எங்கள் வீட்டில் தவறியதே இல்லை. முடிந்தால் நாய்க்கு நன்கு பழகிய இன்னொருவர், தலைப்பக்கம் உட்கார்ந்து அதைத் தடவிக்கொடுத்தபடி இருக்கட்டும்.

4. வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்துங்கள்

நாய் உள்ளே வந்தால் முதலில் தன் பாயில் விழுந்து புரளும். புரளும்போது மேலாக நின்ற முள் அடிரோமத்துக்குப் போகிறது. அதோடு பாயில் உதிர்ந்த விதை மறுநாளும் ஒட்டும்.

இதைவிட முக்கியம், நாய் தன் வாயாலேயே முள்ளைப் பிடுங்க முயல்வதுதான். கொக்கி முள் நாக்கிலும் ஈறிலும் அண்ணத்திலும் ஏறிவிடும். விழுங்கினால் தொண்டையில் சிக்கும். கழுத்துவாரைக் கழற்றாமல் திண்ணைத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ தளர்வாகக் கட்டி, உடனே தண்ணீர் வையுங்கள். மூச்சிரைப்பு அடங்கியதும் தொடங்கலாம். இரைக்கும் நாயின் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் முள்வாங்கியைக் கண்ணருகே கொண்டுபோவது ஆபத்து.

தண்ணீரைக் குடிக்கக் கொடுங்கள், உடம்பில் ஊற்றாதீர்கள். நனைந்த ரோமம் முள்ளைச் சுற்றி இறுகி, காயும்போது கயிறு போலத் திரிந்துவிடும். ஊசிப்புல் விதை இருந்தாலோ ஈரம் பட்டதும் அதன் முறுக்கிய வால் பிரிந்து சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சியே விதையைத் தோலுக்குள் திருகி இறக்குகிறது.

5. ஆபத்தான இடங்களை முதலில் பாருங்கள்

முதுகில் ஒட்டியிருப்பது கண்ணில் படும். அதனால் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். அது தவறு. முதுகு முள் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் நாய்க்கு ஒன்றும் ஆகாது. கண்ணிமைக்குள் போன புல்விதை காத்திருக்காது. மேலும் நாயின் பொறுமை முதல் 10 நிமிடத்தில்தான் முழுமையாக இருக்கும். அந்தப் பொறுமையை நுட்பமான இடங்களுக்குச் செலவிட வேண்டும்.

கண்கள், நாசி, உதடுகளின் உட்புறம், காதுமடலின் உட்புறம், நான்கு பாதங்களின் விரலிடுக்கு, அக்குள், கவட்டை, வாலடி என்ற வரிசையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்தாமல் விரல் நுனியால் தடவியும் பாருங்கள். பஞ்சுவின் அக்குளில் இருந்த ஒட்டுத்துத்தித் துண்டு ஒன்றை மூன்று நாள் கண்ணால் தேடியும் காணாமல், ரோமத்தை விரலால் கோதியபோதுதான் கண்டேன். அதற்குள் அந்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது.

தடவும்போது உண்ணி தட்டுப்பட்டால் அதையும் இந்தச் சமயத்திலேயே எடுத்துவிடலாம். முள் என்று நினைத்து உண்ணியைக் கசக்கிவிடாதீர்கள். உண்ணி வழுவழுப்பாக இருக்கும், முள் சொரசொரக்கும். தோலை ஒட்டி முள்வாங்கியால் பிடித்து நேராக மேலே இழுத்தால் உண்ணி வந்துவிடும்.

6. முள்ளை எடுக்காதீர்கள், ரோமத்தை எடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். முள்ளைப் பிடித்து இழுத்தால் அதன் கொக்கியில் மாட்டிய ரோமம் அத்தனையும் ஒரே நேரத்தில் இழுபடும். வலி முழுவதும் தோலுக்குப் போகும். ரோமத்தைச் சிறிது சிறிதாக முள்ளிலிருந்து விலக்கினால் கடைசியில் பிடிமானமே இல்லாமல் முள் தானாக விழும்.

இடக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், முள்ளுக்கும் தோலுக்கும் இடைப்பட்ட ரோமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடி இருக்கும்வரை வலக்கை எவ்வளவு இழுத்தாலும் இழுவை உங்கள் இடக்கை விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நாய் துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பிடி நழுவியிருக்கிறது என்றே பொருள்.

வலக்கையால் முள்ளின் வெளிப்பக்கத்தில், அதாவது ரோமத்தின் நுனிப்பக்கத்தில் தொடங்குங்கள். நான்கைந்து ரோமங்களை மட்டும் பிரித்து, கொக்கி வளைந்திருக்கும் திசைக்கு எதிராக அல்லாமல் அது போகும் திசையிலேயே நழுவவிட்டு வெளியே எடுங்கள். அடுத்த நான்கைந்து ரோமம். பிறகு அடுத்தது.

சென்ற தை மாதம் பஞ்சுவின் இடது காதுக்குப் பின்னால் மருளூமத்தைக் காய் ஒன்று சிக்கியிருந்தது. வெளியில் பார்த்தால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பஞ்சுருண்டை, முள்ளே தெரியவில்லை. காதின் அடியில் விரலைக் கொடுத்து ரோமத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டையின் மேல்பரப்பிலிருந்து இழை இழையாகப் பிரித்தேன். முதலில் உதிர்ந்த பழைய ரோமம் பஞ்சாக வந்தது. பிறகு ஒரு கொக்கியின் நுனி தெரிந்தது. அந்த ஒன்றிலிருந்து ரோமத்தைக் கழற்றியதும் காய் சற்றே சாய்ந்து அடுத்த கொக்கியைக் காட்டியது. ஏறக்குறைய 8 நிமிடத்தில் காய் என் உள்ளங்கையில் விழுந்தபோது அவள் கண் மூடித் தூங்கியே விட்டாள். இதே காயை முந்தைய ஆண்டு நான் சீப்பால் இழுத்தபோது அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாயுருவிக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. அடியில் பிடித்துக்கொண்டு, காயை இரண்டு விரல் நுனியால் பிடித்து ரோமத்தின் போக்கிலேயே உருவினால் வந்துவிடும். கருப்பனைப் போன்ற குட்டை ரோம நாய்க்கு, ஈரமில்லாத ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ரோமத்தின் போக்கில் தடவினாலே பாதி உதிரும்.

எடுத்த ஒவ்வொன்றையும் உடனே மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். விரிப்பில் போட்டால் உங்கள் சட்டைக் கைக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி நாய்க்குப் போகும்.

7. விரலுக்கு வராததற்கு மட்டும் எண்ணெய்

விரலால் ஐந்து நிமிடம் முயன்றும் அசையாத முள்ளுக்கு மட்டும் எண்ணெய் இடுங்கள். எடுத்த எடுப்பிலேயே உடம்பெல்லாம் எண்ணெய் தடவுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விரல் வழுக்கி இடக்கைப் பிடி நிற்காது; எண்ணெய்ப் பிசுக்கில் மண்ணும் சேரும்.

இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். மார்கழிக் காலையில் உறைந்து கிடந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இளக்கிக்கொள்ளுங்கள். எண்ணெயை முள்ளின்மேல் விடாமல், முள்ளைச் சுற்றியுள்ள ரோமத்தில் விரலால் நீவி உள்ளே செலுத்த வேண்டும். வழுக்க வேண்டியது ரோமம் என்பதே காரணம். 5 நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி 6ஆம் படியைச் செய்யுங்கள்.

நாய் சிறிதளவு தேங்காய் எண்ணெயை நக்கினால் கவலையில்லை. அதிகம் நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய் ஆகியவற்றை எந்த அளவிலும் பயன்படுத்தாதீர்கள். இவை நாய்க்கு நஞ்சு. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்குவதோடு, நக்கும்போது புரையேறி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாகும். சிக்கு சீக்கிரம் விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8. குறடு: மருளூமத்தைக்கு மட்டும்

எண்ணெய்க்கும் அசையாத மருளூமத்தைக் காயைக் குறட்டால் நெரித்து உடைக்கலாம். காய் உடைந்தால் கொக்கிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வலு போய்விடும். துண்டுகளைத் தனித்தனியே எடுப்பது எளிது.

நெரிப்பதற்கு முன் குறட்டின் இரண்டு தாடைக்கு இடையிலும் தோல் இல்லை என்பதை விரலால் தடவி உறுதி செய்யுங்கள். காதின் ஓரத்திலும் அக்குளிலும் தோல் மிக மெல்லியது. ரோமத்துக்குள் மடிந்து கிடக்கும். அந்த இரண்டு இடங்களிலும் குறட்டைத் தவிர்ப்பதே நல்லது. ஒட்டுத்துத்திக்கும் குறடு வேண்டாம். காரணத்தை முன்பே சொன்னேன்.

9. கத்தரிக்கோல் கடைசி வழி

நான் பார்த்தவரை, நாய்க்கு இந்த வேலையில் காயம் பட்டதெல்லாம் கத்தரிக்கோலால்தான். சடையை மேலே தூக்கினால் அதோடு சேர்ந்து தோலும் கூடாரம் போல மேலே எழும். எழுந்த தோலை ரோமம் என்று நினைத்து வெட்டிவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் தம் நாயின் அக்குளில் இப்படி வெட்டியதில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். தோல் எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வழி இல்லாததுதான் காரணம்.

ஆகவே சீப்பைத் தோலுக்கும் சடைக்கும் இடையில் படுக்கையாகச் செருகுங்கள். சீப்பு செருக இடமே இல்லாவிட்டால் அந்தச் சடையை நீங்கள் வெட்டக் கூடாது. மருத்துவரிடமோ, மின்கத்தரி வைத்திருக்கும் அனுபவமுள்ளவரிடமோ விட்டுவிடுங்கள். சீப்பு நுழைந்தால், சீப்புக்கு மேலே மட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுபோங்கள்.

சடையைக் குறுக்கே வெட்டாமல் ரோமம் வளரும் போக்கில், நெடுக்காக இரண்டு மூன்று கீறலாகப் பிளந்துவிடுங்கள். பிளந்த சடையிலிருந்து முள் விரலுக்கே வந்துவிடும். இப்படிச் செய்தால் ரோமத்தின் பெரும்பகுதியும் மிஞ்சும், மொட்டை விழாது.

10. சீப்பு இப்போதுதான்

முட்கள் அனைத்தும் போன பிறகே வார வேண்டும். முள் இருக்கும்போது வாரினால் சீப்பு அதை அடிரோமத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

முதலில் அகலப் பல் சீப்பு. நுனியில் ஒரு விரற்கடை, பிறகு அதற்குச் சற்று மேலே, கடைசியில் அடியிலிருந்து. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் நீண்ட கூந்தலுக்குச் சிக்கெடுக்கும் அதே முறைதான். பின்னர் காதின் பின்புறம், அக்குள், வாலடி ஆகிய இடங்களில் மட்டும் பேன்சீப்பை ஓட்டினால் உடைந்த கொக்கித் துண்டுகள் வெளிவரும். சீப்பு ஓரிடத்தில் தடைபட்டால் அழுத்தாமல் நிறுத்தி, விரலால் தேடுங்கள். அங்கே ஒரு முள் விட்டுப்போயிருக்கிறது.

11. பாதத்தில் நெருஞ்சி

நெருஞ்சிக் காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் உறுதியான முட்கள் இருப்பதால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றால் அந்த இடத்திலேயே பாருங்கள். வீடுவரை நடத்திக்கொண்டு வந்தால் முள் முழுவதும் உள்ளே போய்விடும்.

முள் குத்திய கோணத்திலேயே நேராக வெளியே இழுக்க வேண்டும். ஆட்டியோ திருகியோ இழுத்தால் நுனி ஒடியும். எடுத்த முள்ளைப் பார்த்து நுனி முழுமையாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரால் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள். நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டது தெரிந்தால் ஊசியால் கிளறாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் செருப்பின் அடியையும் பாருங்கள். வீட்டுக்குள் நெருஞ்சியைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான்.

12. ஊசிப்புல்: இதில் மட்டும் தாமதம் கூடாது

ஊசிப்புல் விதையின் முனை கூர்மையானது; அதில் பின்னோக்கிய நுண்ணிய மயிர்முட்கள் உண்டு. ஆகவே முன்னால் போகும், பின்னால் வராது. ஈரத்தில் பிரிந்தும் காயும்போது முறுக்கியும் சுழலும் அதன் வால் விதையை மேலும் மேலும் உள்ளே செலுத்தும். தோலுக்குள் போன விதை ஒரே இடத்தில் நில்லாமல் நகர்ந்து, நுழைந்த இடத்திலிருந்து தள்ளிச் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம். தாவரப் பொருள் என்பதால் எக்ஸ்ரே படத்தில் பொதுவாகத் தெரியாது.

விதை ரோமத்தில் மட்டும் இருந்தால், விதையின் உடற்பகுதியை முள்வாங்கியால் பிடித்து, நுழைந்த திசைக்கு நேர் எதிராக எடுங்கள். வாலைப் பிடித்து இழுத்தால் வால் மட்டும் கையோடு வந்து, விதை உள்ளேயே நின்றுவிடும்.

கீழ்க்கண்டவற்றில் எதையாவது கண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நடையிலிருந்து வந்ததும் விடாமல் தும்முதல், நாசியில் இரத்தம், ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நீர் வடிதல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறுதல், ஒரே விரலிடுக்கை இடைவிடாமல் நக்குதல், அங்கே சிவந்த புடைப்பு ஆகியவை விதை உள்ளே போனதற்கான அறிகுறிகள். கருப்பன் ஒருமுறை இரண்டு நாள் தலையை உதறிக்கொண்டே இருந்தான். காதில் அழுக்கு என்று எண்ணி நான் எண்ணெய் விட்டேன். மருத்துவர் கருவி வைத்துப் பார்த்து, செவிப்பறைக்கு மிக அருகிலிருந்து ஒரு புல்விதையை எடுத்தார். செவிப்பறை கிழிந்திருந்தால் நான் விட்ட எண்ணெய் உட்காதுக்கே போயிருக்கும் என்றார். அன்றிலிருந்து காதுக்குள் எதையும் விடுவதில்லை, பஞ்சுக்குச்சியைக்கூட நுழைப்பதில்லை.

கண்ணில் விதை தெரிந்தால் தேய்க்காமல், நாய் காலால் பிறாண்டாதபடி பார்த்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். கருவிழியில் கீறல் சில மணி நேரத்தில் புண்ணாகக்கூடும்.

13. நாய் போதும் என்று சொல்வதைக் கேளுங்கள்

கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்புவது, உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வது, இவையெல்லாம் உறுமலுக்கு முந்தைய எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டதும் கையை எடுத்து, ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்து, 5 நிமிடம் விடுங்கள். ஆபத்தான இடங்கள் முடிந்துவிட்டன என்பதால் மீதியை மாலையில் எடுத்தாலும் கெட்டுப்போகாது.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் நம் வெயிலில் கூடாது. நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தேவைப்பட்டால் வாய் திறக்க இடமுள்ள கூடை வடிவ வாய்மூடியை முன்கூட்டியே பழக்கி மாட்டுங்கள்.

பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

14. குளியலும், எடுத்த முட்களும்

எண்ணெய் இட்டிருந்தால் மட்டும் அன்றே குளிப்பாட்டுங்கள். நாய்களுக்கான ஷாம்பு போட்டு, முள் இருந்த இடங்களை நன்றாக அலசித் துவட்டுங்கள். தோல் சிவந்திருக்கும் இடத்தில் ஷாம்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். அந்தச் சிவப்பு இரண்டு நாளில் மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டப்பாவில் சேர்ந்த முட்களைத் தோட்டத்திலோ குப்பைமேட்டிலோ கொட்டாதீர்கள். மருளூமத்தைக் காய் ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் உண்டு. ஒன்று முதல் மழைக்கும், மற்றது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய பருவத்துக்கும் முளைக்கும். அதன் இளநாற்று ஆடுமாடுகளுக்கு நஞ்சு. டப்பாவில் கொதிநீரை ஊற்றி மூடி, ஆறியதும் வடித்துக் காகிதத்தில் பொதிந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

விரிப்பை மடிக்காமல் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் உதறுங்கள். கழுத்துவாரையும், நடைக்கயிற்றையும், உங்கள் கால்சட்டையின் கீழ்மடிப்பையும் தடவிப் பாருங்கள். மறுநாள் காலை நாய் எழுந்ததும் விரலிடுக்கு, அக்குள், காது ஆகிய மூன்றை மட்டும் மீண்டும் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நடைக்குக் கிளம்புங்கள்.